வீட்டுக்குள் ஒரு விரால்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேலூர் மீன் மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர்கள், ஐஸ் துண்டுகளுக்கிடையே கண் வெளுத்துக் கிடக்கும் கடல் மீன்களையெல்லாம் கடந்து, கூட்டம் சற்று நெருக்கமாக நிற்கும் ஒரு மூலைக்குப் போவார்களானால், அங்கே அகன்ற அலுமினியக் குண்டான்களில், நான்கு விரற்கடை ஆழம்கூட இல்லாத கலங்கிய ஜலத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டு உயிரோடு கிடக்கும் விரால் மீன்களைக் காண்பார்கள். மற்ற மீன்களுக்கெல்லாம் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்து வாங்குகிற நம் ஜனங்கள், விராலை மட்டும் துள்ளலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்; உயிரில்லாத விராலுக்குப் பாதி விலைதான். சில வருஷங்களுக்கு முன்பு அவ்விதம் ஒரு மீனை வாங்கியபோது, அதைப் பையில் போட்டுக் கொடுத்த அம்மாளிடம், வீடு ஆம்பூர்ப் பக்கம், போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகுமே, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுங்களேன் என்று கேட்டேன். "தண்ணியே இல்லன்னாலும் கிடக்கும் சார், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்தவருக்கு எடை போடத் தொடங்கிவிட்டார்.

அவர் சொன்னது வாஸ்தவம். வீட்டில் பையைத் திறந்தபோது விரால் உயிரோடிருந்ததோடு, எங்களை ஒரு பார்வையும் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டுவிட்ட குழந்தைகள் அதன்பின் அதை அடுப்படிக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. சாம்பல் தேய்த்துக் கழுவப்பட்டுக் குழம்பாக வேண்டிய மீன், அன்று மாலை மாட்டுத் தொட்டிக்கும், அடுத்த மாதம் கூடத்தில் வைத்த கண்ணாடித் தொட்டிக்கும் குடிபோயிற்று. அதை நான்கு வருஷம் வளர்த்ததில் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் பெரும்பகுதி, மார்க்கெட்டில் கேட்ட "ஒண்ணும் ஆவாது" என்ற அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் மெய், எந்த இடத்தில் அது பொய்யாகிறது என்பதைப் பற்றியதுதான்.

நம் நாட்டு நன்னீரில், தூண்டில்காரனின் நெஞ்சைத் துடிக்கச் செய்யும் மீன்கள் நாலைந்துதான் உண்டு. காவிரியில் ஒகேனக்கல் பாறைகளுக்கிடையே கிடைக்கும் மாசீர் என்னும் பெருங்கெண்டை அவற்றுள் முதலாவது என்று வெள்ளைக்காரத் துரைமார் எழுதி வைத்தார்கள். ஆனால் அது ஓடுகிற குளிர்ந்த ஜலமும் நுரைக்கிற பிராணவாயுவும் இல்லாமல் வாழாது என்பதோடு, அதிலே திமில் மாசீர் எனப்படும் ஜாதி இன்று உலகத்திலேயே அற்றுப்போகும் தறுவாயிலிருப்பதால், அதை வீட்டில் வைப்பதைப் பற்றி நினைப்பதும் தகாது. வாளை இருக்கிறது, அது ஆள் நீளம் வளரும். ஏரியும் குட்டையுமே கதியாக உள்ள நம் பாலாற்றுப் பிரதேசத்துக்கு விரால்தான் வேட்டை மீன். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதிப் புகழ்பெற்ற பின்னர், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் தனியாக இன்னொரு நூலும் எழுதினார்.

சங்க நூல்களில் வரால் என்று வருவது இந்த மீன்தான். மருத நிலத்தைப் பாடப் புகுந்த புலவர்களில் இதைத் தொடாமல் விட்டவர் குறைவு. ஐரோப்பியரின் சாஸ்திரப் பட்டியலில் இது ஏறியது 1793ஆம் ஆண்டு. பெர்லின் நகரத்து வைத்தியரும் மீன்நூல் வல்லுநருமான மார்க்கஸ் எலீசர் பிளாக் என்பவர், பாம்புத்தலையன் என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரை இதற்கு வைத்தார். அவருக்குத் தென்னிந்திய மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்துக் கப்பலேற்றி அனுப்பி உதவியவர்களில், தரங்கம்பாடியில் வேதத் தொண்டு செய்துவந்த ஜான் பாதிரியார் முக்கியமானவர். அதே தரங்கம்பாடியில், டேனிஷ் படையதிகாரி டால்டார்ஃப் என்பவர் 1791இல் ஒரு பனைமரத்தின்மேல் மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி, சீமையிலே சிலர் நம்பியும் சிலர் நகைத்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. அது பனையேறி என்று நாம் சொல்லும் வேறொரு மீன். என்றாலும் பனையேறிக்கும் விராலுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இரண்டும் காற்றைச் சுவாசிக்கும்.

விராலின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் படர்ந்த இரண்டு சிறு அறைகள் இருக்கின்றன. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து, வாயால் ஒரு குமிழி காற்றை விழுங்கி, அந்த அறைகளில் நிறைத்துக்கொண்டு கீழே போகிறது. செவுளும் அதற்கு உண்டு, ஆயினும் அந்தச் செவுளை மட்டும் நம்பி அதனால் ஜீவிக்க முடியாது. ஜலத்தின் மேற்பரப்புக்கு வரவொட்டாமல் வலையால் தடுத்து வைத்தால், எவ்வளவு தெளிந்த நீராயிருந்தாலும் விரால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் ஒன்று நீரில் மூழ்கிச் சாவதென்பது கேட்பதற்கு விநோதமாயிருந்தாலும், விரால் விஷயத்தில் அது நிஜம். இந்தச் சக்தியினால்தான் கோடையில் ஏரி வற்றும்போது சேற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் ஈரம் காயாதவரை காத்திருக்கிறது. மழைக்காலத்தில் புல் நனைந்திருக்கும் இரவுகளில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குத் தரைவழியே நெளிந்து போகிறது. குண்டானில் நான்கு விரற்கடைத் தண்ணீரில் அது கிடப்பதன் ரகசியமும் இதுவே. கிடக்கிறது என்பதைக் கண்ட நாம், சுகமாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

கண்ணாடித் தொட்டி விற்பவர்கள் இந்தத் தவற்றை மேலும் வளர்க்கிறார்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து வரும் அலங்கார மீன்களை விற்கும் எங்கள் ஊர்க் கடையொன்றில், விரால் வளர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, இரண்டடித் தொட்டி போதும், அது என்ன செய்தாலும் சாகாது என்றார்கள். சாகவில்லைதான். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது இரண்டடித் தொட்டி அதற்கு மைதானம். நன்றாகத் தின்கிற குஞ்சு ஓராண்டுக்குள் ஒரு சாணைத் தாண்டி ஒரு முழத்தை நோக்கி வளர்ந்துவிடும். அதன்பின் அந்தத் தொட்டியில் அது திரும்ப வேண்டுமானால் கழுதை வண்டியைச் சந்தில் திருப்புவதுபோல் உடம்பை மடக்கித்தான் திரும்ப வேண்டும். ஏரியில் விரால் ஒரு மீட்டர் வரையில் வளரக்கூடியது. இரண்டடி நீளமுள்ளவற்றை யாவரும் கண்டிருக்கலாம். அதன் மூத்த உறவாகிய அவுரி என்னும் பூவிராலோ, வாலடியில் கண்போன்ற ஒரு புள்ளியோடு, அதையும் விஞ்சி வளரும். பூவிராலைக் கண்ணாடித் தொட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

விராலுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளலாம். அகலத்தில் இன்னும் அரையடி கூட்டினால் மீன் உங்களை வாழ்த்தும். இந்த அளவுத் தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். அரை அங்குலக் கண்ணாடியின் கனத்தையும் இரும்புத் தாங்கியின் கனத்தையும் சேர்த்தால் முக்கால் டன்னுக்கு மேல் போகிறபடியால், மாடி வீட்டுக்காரர்கள் கொத்தனாரை ஒரு வார்த்தை கேட்காமல் இதைத் தொடக்கூடாது. புழக்கடை உள்ளவர்களுக்குச் சிமெண்டுத் தொட்டி இதைவிடச் சிலாக்கியம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் ஊறும் என்பதால், வாழைத்தண்டுகளை வெட்டிப் போட்டுச் சில வாரம் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பின்னரே மீனை விட வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த உபாயம். மேலே பாதி இடத்துக்கு ஆகாயத்தாமரையோ அல்லியோ பரந்து நிழல் தரட்டும். விரால் நிழலில் நிற்கிற மீன்; வெட்டவெளிச்சத்தில் வைத்தால் மூக்கைக் கண்ணாடியில் மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

அடுத்தது ஜலம். வேறு ஊர்க்காரர் எழுதினால் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இந்த விஷயத்தை, வேலூர் ஆம்பூர்க்காரர் எழுதும்போது அப்படி முடிக்க இயலாது.

எங்கள் வீடுகளுக்கு மூன்று விதமான தண்ணீர் வருகிறது. போர் தண்ணீர் ஒன்று. உப்புத் தண்ணி என்றே அதற்குப் பெயர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், துணியில் சோப்பு நுரைக்காது. மேட்டூரிலிருந்து குழாய் வழியாக வரும் காவிரித் தண்ணீர் இரண்டாவது. குடிப்பதற்கென்று கேனில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் மூன்றாவது. பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியை வரவழைத்துக் குடிக்கிற நிலைமைக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதை நீளமானது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடந்தாலும், மணலுக்கடியில் நல்ல ஊற்றுள்ள ஆறாயிருந்தது. அதன் கரையில் தோல் பதனிடும் தொழில் முதலில் வளர்ந்தபோது ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோலைப் பதப்படுத்தின. 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோமியத் தோல் முறையைப் பரீட்சை செய்து காட்டினார். 1970களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைச் சர்க்கார் கட்டுப்படுத்தியதும், முழுத் தோலும் செருப்பும் செய்யும் ஆலைகள் பெருகி, குரோமிய முறை எங்கும் பரவியது. குரோமியத்துக்குக் கிடைத்த அபகீர்த்தி உப்புக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கிணறுகளைக் கெடுத்ததில் உப்புக்கே பெரும் பங்கு என்று நான் நினைக்கிறேன். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமலிருக்கக் கை நிறைய உப்பிட்டு மடித்து ஆலைக்கு வருகின்றன. அங்கே அலசும்போது அந்த உப்பெல்லாம் நீரில் இறங்குகிறது. நீரிலிருந்து உப்பைப் பிரிப்பது குரோமியத்தைப் பிரிப்பதைவிடச் சிரமமான காரியம். இவ்வட்டாரத்துக் குடிமக்கள் நலச் சங்கமொன்று தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியை இந்திய நாட்டுச் சட்டமாக நிலைநாட்டியது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதே ஆற்றைப் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கரையில் நின்றுகொண்டு, யாரோ "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதுகிற நானும் ஆம்பூர்ச் செருப்பைத்தான் காலில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தோல் தொழிலால் எங்கள் வட்டாரத்தில் லட்சக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன என்பதை மறக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

மீனுக்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு வருவோம். விரால் சிறிது உப்பைத் தாங்கும். போர் தண்ணீரில் விட்டால் உடனே எதுவும் நேராது. ஆயினும் வெயிலில் நீர் ஆவியாகப் போகப் போக உப்பு மட்டும் தங்கி, மேலே ஊற்ற ஊற்ற இன்னும் ஏறும். தோல் ஆலைகளுக்கு நெருங்கிய கிணறாயிருந்தால் அதில் உப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறதென்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும். அத்தகைய நீரைத் தவிர்ப்பதே புத்தி. ஆர்.ஓ. நீரை மட்டும் நிரப்புவதும் பிசகு. தாது மிகக் குறைந்த அந்த நீரில் மீனின் உடம்பு தன் உப்பை இழந்துகொண்டே இருக்கும். காவிரித் தண்ணீரை அகலமான டிரம்மில் பிடித்து ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, குளோரின் வாடை போன பின்பு ஊற்றுவதுதான் நான் கண்ட வழி. வாரத்துக்கு ஒருமுறை தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை எடுத்துத் தோட்டத்துக்கு ஊற்றிவிட்டுப் புது நீர் சேர்த்தேன். எங்கள் முருங்கை அந்த நாலு வருஷமும் காய்த்ததுபோல் அதற்கு முன்பும் காய்க்கவில்லை, பின்பும் காய்க்கவில்லை.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. வடிகட்டியில் குடியேறும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் ஆகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தச் சேனை கூடிச் சேர ஒரு மாதமும் அதற்கு மேலும் பிடிக்கும்; பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சைக் கொஞ்சம் வாங்கி வந்து போட்டால், பாலுக்கு உறைமோர் விட்டதுபோல் காரியம் சீக்கிரம் நடக்கும். மற்ற மீன்கள் அமோனியா ஏறினால் மேலே வந்து தவித்து நமக்குத் தகவல் கொடுத்துவிடும். விரால் கொடுக்காது. காற்றை விழுங்கிக்கொண்டு, கெட்ட நீரில் மாதக்கணக்கில் கிடக்கும். கண் மங்கி, துடுப்பு ஓரம் கிழிந்து, சிவந்த புண் தோன்றும்போதுதான் நமக்கு விஷயமே தெரியும். 1988இல் வடகிழக்கு மாகாணங்கள் வழியே இந்தியாவுக்குள் புகுந்து நாடெங்கும் நன்னீர் மீன்களைக் கூட்டங்கூட்டமாய் அழித்த புண் நோய், பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது. மழைக்குப் பின் நீர் குளிரும் மாதங்களில் தலைகாட்டும். அதில் அதிகமாக அடிபட்ட ஜாதிகளில் விராலும் ஒன்று. ஆகவே, சாகாத மீன் என்று பேர் வாங்கிய விராலுக்குத்தான், நோஞ்சான் மீன்களைவிட ஒழுங்காக நீர் மாற்ற வேண்டும்.

நீரைப் பற்றி இன்னும் ஒன்று. நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து சிவந்த இலைகளை இரண்டு மூன்று கழுவித் தொட்டியில் போட்டால், நீர் டீத் தண்ணீர் நிறமாகும். மீனின் மேல் தோல் தெளியும், சின்னக் காயங்கள் ஆறும் என்று மீன் வளர்ப்போர் உலகெங்கும் இதைச் செய்கிறார்கள். அந்த இலையில் இறங்குவது துவர்ப்புச் சத்து. வாதுமையும் கடுக்காயும் ஒரே குலத்து மரங்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புதான் எங்கள் பாட்டன்மார் காலத்தில் தோலைத் தோலாக்கியது. ஆம்பூரில் ஒரு மீன் தொட்டிக்கு அருகே உட்கார்ந்து, சிவந்துவரும் அந்த நீரைப் பார்க்கும்போது இதை நினையாமலிருக்க முடிவதில்லை.

எங்கள் பிரதேசத்து வெயில் பிரசித்தமானது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே ஆகாது. அலங்கார மீன்காரர்கள் அப்போது ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டு அலைவார்கள். நிழலில் வைத்த விரால் தொட்டிக்கு அது வேண்டியதில்லை, மார்கழியில் சூடேற்றும் கருவியும் வேண்டியதில்லை. தன் சொந்த ஊரில் வாழும் மீனை வளர்ப்பதில் உள்ள சௌகரியம் இது.

ஆகாரத்தில் விரால் ராஜபுத்திரன். தவளை, சிறு மீன், இறால், மண்புழு, வண்டு, நீரில் தவறி விழுந்த எலிக்குஞ்சு எதுவும் அதற்குச் சம்மதமே. பதுங்கி நிற்கும், துடுப்புகள் மட்டும் பட்டுத்துணிபோல் அசைந்துகொண்டிருக்கும், அடுத்த கணம் இரை இருந்த இடத்தில் இரை இராது, ஜலத்தில் ஒரு சுழி மட்டும் இருக்கும். இதைக் காட்டி விருந்தாளிகளை வியக்க வைப்பதற்காக நாள்தோறும் உயிர் மீன் வாங்கிப் போடுகிறவர்கள், அந்த மலிவு மீன்களோடு நோயையும் வாங்கிப் போடுகிறார்கள். குஞ்சுப் பருவத்திலேயே துண்டு இறாலுக்கும், பிறகு மீன் பண்ணைகளில் போடும் மிதக்கும் தீவனத்துக்கும் மெல்லப் பழக்கிவிட்டால், விரால் அதை ஒத்துக்கொள்ளும். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். ஒரு தொட்டிக்கு ஒரே விரால் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தன்னைவிடச் சிறிய சகோதரனை விழுங்குவதில் அதற்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. விரால் பண்ணைக்காரர்கள் வாரந்தோறும் குஞ்சுகளைச் சின்னது பெரியது என்று பிரித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

சகோதரனை விழுங்கும் இந்த மீன் பிள்ளைகளிடம் வேறு ஜீவன். ஏரியில் புல்லை விலக்கி ஒரு சிறு வட்டம் செய்து, அதில் மிதக்கும் முட்டைகளைத் தகப்பன் காவல் காக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாய், பார்ப்பு என்று நாம் சொல்லும் கூட்டமாய், மேலே வந்து வந்து காற்றுக் குடிக்கும்போது நீர் மழைத்தூறல் விழுந்ததுபோல் பொரியும். அடியில் பெற்றோர் நிற்கும். பார்ப்பின்மேல் எது வந்தாலும், கொக்கோ தவளையோ, பொய்த் தவளையோ, பாய்ந்து அடிக்கும். பசியால் அல்லாமல் கோபத்தால் கடிக்கும் அந்த ஒரு வேளைக்காகக் காத்திருந்து தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய் தகப்பன் போனதும் அந்தப் பார்ப்பு மாலைக்குள் மற்ற மீன்களின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி, எல்லா விரால் வீடுகளிலும் ஒருநாள் நடக்கும் விஷயம். 2021 நவம்பரில் பெருமழை பெய்து, பல வருஷமாக வெறும் மணலாயிருந்த பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போயின. கோடி பாயும் சத்தம் கேட்டால் விரால் எதிர் ஏறும் என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த சங்கதி. மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாக ஊரே அங்கே நின்றது. ஏரிக்கு ஒரு மைலுக்கு அப்பால் கூடத்தில் இருந்த எங்கள் விராலுக்கு அது எப்படித் தெரிந்ததோ, காற்றின் கனம் மாறியதை உணர்ந்ததோ, கூரைமேல் மழை அடித்ததைக் கேட்டதோ, நடுநிசியில் கண்ணாடி மூடியை முட்டித் தூக்கிவிட்டு வெளியே பாய்ந்துவிட்டது. விடிந்து பார்த்தால் தொட்டியில் மீன் இல்லை. கூடம், சமையலறை, தாழ்வாரம் என்று ஈரக் கோடு ஒன்று போயிருந்தது. கோட்டின் முடிவில், புழக்கடைக் கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியும் ஒட்ட, அது கிடந்தது. உயிர் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை. அதன் வலப்பக்கத்துச் செதில்கள் திரும்ப ஒழுங்காக வளர மூன்று மாதம் ஆயிற்று.

அப்போது சிலர், மழையும் பெய்கிறது, ஏரியும் நிறைந்திருக்கிறது, அதிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்றார்கள். விரால் நம் ஏரிக்கே உரிய மீன்தானே என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் மார்க்கெட்டில் வாங்கிய மீன் எந்த ஊர்ப் பண்ணையில் பிறந்தது, தொட்டியில் எந்த நோயைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? தொட்டியிலிருந்து நீர்நிலைக்குப் போன மீன்களின் சரித்திரம் நல்ல சரித்திரமாக இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஆற்றிலும் ஏரியிலும் எறியப்பட்ட சக்கர் மீன், இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துக் கிராஃப்டன் என்னும் ஊரில் ஒருவர், நோயுற்ற தம் சகோதரிக்குச் சூப் வைத்துக் கொடுப்பதற்காக நியூயார்க் சந்தையிலிருந்து விராலின் சீனத்து உறவான இரண்டு மீன்களை உயிரோடு வரவழைத்தார். நம் ஊரிலும் மலேசியாவிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் கொடுக்கிற அதே நம்பிக்கை! மீன் வருவதற்குள் சகோதரி குணமாகிவிடவே, அவற்றைத் தொட்டியில் வைத்தார். தீனி போட்டு மாளாமல் வீட்டருகே ஒரு குளத்தில் விட்டார். 2002இல் அந்தக் குளத்தில் அதிகாரிகள் மருந்து ஊற்றி மீன்களைக் கொன்று எண்ணியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் மிதந்தன. அந்த ஆண்டிலேயே அமெரிக்கச் சர்க்கார் விரால் குலம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடை போட்டது. தெலங்கானா மாநிலமோ இதே விராலை மாநில மீனாக வைத்துக் கொண்டாடுகிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஹைதராபாத்தில், ஆஸ்துமாவுக்கு மருந்தென்று, விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கப் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மருந்தைப் பற்றி வைத்தியர்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் விரால் ஏரிக்குப் போகவில்லை. நான்காம் வருஷ முடிவில், ஆறடித் தொட்டியும் அதற்குச் சிறிதாய்விட்டது என்று கண்டபோது, விவசாயக் கிணற்றடியில் பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் ஒரு சிநேகிதரிடம் ஒப்படைத்தேன். அங்கே அது இருக்கிறது. நான் போனால் கிட்டே வரும், என்னை அடையாளம் தெரிந்தா, தீனியை எதிர்பார்த்தா என்று நான் விசாரிப்பதில்லை.

விரால் வளர்க்க ஆசைப்பட்டு, அதற்குரிய இடமோ பிறகு அதை ஏற்றுக்கொள்ள ஓர் ஆளோ இல்லாதவர்கள், அதன் தம்பியான குறவையை வளர்க்கலாம். பெரும்பாலும் ஒரு சாண் அளவோடு நின்றுகொள்ளும், நான்கடித் தொட்டி தாராளம், பதுங்குவதும் பாய்வதும் காற்றுக் குடிப்பதும் எல்லாம் அண்ணனைப் போலவே. நீர் மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே நாலு அங்குலம் காற்றுக்கு இடம் விடுங்கள். குறவையானாலும் விராலானாலும் இராத்திரி விளக்கை அணைக்குமுன், மூடியின்மேல் ஒரு செங்கல்லை எடுத்து வையுங்கள். மழை நாளில் இரண்டாக வையுங்கள்.